மூட்டை, டப்பா, அஞ்சறைப் பெட்டி: வீட்டுப் பணம் எப்படி இயங்குகிறது?

தாளிக்கும்போது யாரும் கடுகை எண்ணிப் போடுவதில்லை. எண்ணெய் காய்ந்ததும் அஞ்சறைப் பெட்டியைத் திறக்கிறோம், சின்னக் கரண்டியால் ஒரு கரண்டி அள்ளுகிறோம், போடுகிறோம். வெடித்தால் வேலை முடிந்தது. கணக்குப் பார்ப்பதற்கு வேறு நேரம் இருக்கிறது. கிண்ணம் காலியாகி, அலமாரியில் இருக்கும் டப்பாவைத் திறந்து நிரப்பும்போது, “போன வாரம்தானே நிரப்பினேன், அதற்குள்ளேயா?” என்று ஒரு கேள்வி எழுகிறதே, அந்த இடத்தில்தான் கணக்கு நடக்கிறது. டப்பாவும் அடி தெரிந்தால் மளிகை லிஸ்டில் “கடுகு 200 கிராம்” என்று ஒரு வரி ஏறும். ஒரு குடும்பத்தின் முழுச் சமையலும் இந்த அளவு நிர்வாகத்தில் ஓடிவிடுகிறது.

பணத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரையோ இதற்கு நேர் எதிரானது. ஒவ்வொரு செலவையும் எழுதி வை, ஆப்பில் ஏற்று, வகைவகையாகப் பிரி, மாதக் கடைசியில் வரைபடம் பார் என்கிறார்கள். ஜனவரி முதல் தேதி புது டைரியில் ஆரம்பிக்கும் இந்தக் கணக்கு பொங்கல்வரை தாக்குப்பிடித்தால் பெரிய விஷயம். கடுகை எண்ணச் சொன்னால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? என் கட்சி எளிமையானது: எடுக்கும்போது கணக்கு வேண்டாம், நிரப்பும்போது பார்த்தால் போதும். ஆனால் அதற்குப் பாத்திரங்கள் ஒழுங்காக இருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் பணத்துக்கு இன்று ஒரே ஒரு பாத்திரம்தான் இருக்கிறது. 25 கிலோ மூட்டையை அடுப்புப் பக்கத்தில் பிரித்து வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரெல்லாம் கைவிட்டு அள்ளுவதுபோல.

முன்பு அப்படி இல்லை. சம்பளம் வங்கிக்கு வரும், ஏ.டி.எம்.மில் இரண்டாயிரம் எடுப்போம், அது பர்ஸில் இருக்கும். பர்ஸ்தான் டப்பா. அது மெலிந்தால் கைக்குத் தெரியும், இன்னொரு முறை ஏ.டி.எம். வாசலில் நிற்கும்போது மனசுக்கும் தெரியும். அதற்கும் முன்னால், கடுகு டப்பாவிலும் பருப்பு டப்பாவின் அடியிலும் நம் வீட்டுப் பெண்கள் சேர்த்து வைத்த சிறுவாட்டுப் பணம் இருந்தது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, எத்தனை வீட்டு அடுக்களையிலிருந்து எவ்வளவு வெளியே வந்தது என்பதை அந்தந்தக் குடும்பங்களே ஆச்சரியத்தோடு பார்த்தன. அதே 2016-இல்தான் யு.பி.ஐ.யும் வந்தது. அது செய்த பெரிய வேலை பணத்தை வேகமாக அனுப்பியது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டுக் கணக்கைப் பொறுத்தவரை அது செய்தது வேறு. மூட்டைக்கும் அடுப்புக்கும் நடுவில் இருந்த டப்பாவை எடுத்துவிட்டது. பத்து ரூபாய் டீக்கும் பத்தாயிரம் ரூபாய் ஃபிரிட்ஜ் முன்பணத்துக்கும் இப்போது கை ஒரே மூட்டைக்குள்தான் போகிறது.

பாஸ்புக்கை வங்கி வாசலில் உள்ள இயந்திரத்துக்குள் நுழைத்துப் பதிந்து பாருங்கள். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை இப்படி இருக்கும்: பால் 60, டீ 15, மறுபடி டீ 15, பூ 40, கீரை 20, ஆட்டோ 120, ஜெராக்ஸ் 12, சாயங்காலம் பஜ்ஜி 30. எட்டு வரி, 312 ரூபாய். இதில் பால் என்றோ பூ என்றோ அச்சாகியிருக்காது. பன்னிரண்டு இலக்க எண் ஒன்று நிற்கும், கூடவே கடைக்காரரின் மகன் பெயரோ மனைவி பெயரோ பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். வீட்டு வாடகையும் இந்த வரிசையில்தான் எங்கோ இருக்கிறது. இன்ஷூரன்ஸ் பிரீமியமும் இங்கேதான். யார் படிப்பார்கள் இதை? செலவு அதிகமாகிறது என்பதைவிட, செலவு கண்ணில் படாமல் போகிறது என்பதுதான் இன்றைய சிக்கல்.

சரி, பாத்திரங்களை அடுக்கலாம். கணக்குச் சொல்ல வசதியாக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 60,000 ரூபாய்.

மூட்டை

சம்பளக் கணக்குதான் மூட்டை. மூட்டையின் இலக்கணம், அது அடுப்புக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்பது. பரணிலோ ஸ்டோர் ரூமிலோ. அங்கிருந்து அளந்து எடுக்கப்படுவது மட்டுமே வெளியே வரும். அரிசி மூட்டைக்குள் ஒரு உழக்கு போட்டு வைப்பார்களே, அதுபோல இந்தக் கணக்கிலிருந்து பணம் போகும் வழியெல்லாம் முன்கூட்டியே அளவும் தேதியும் தீர்மானித்ததாக இருக்க வேண்டும்.

நம் மாதிரி வீட்டில் அந்த அளவுகள் இவை: வாடகை 15,000. கடன் தவணை 6,500. சேமிப்பு 5,000. இணையமும் வீட்டிலுள்ள போன்களும் சேர்ந்து 1,300. மின்கட்டணத்துக்கு 1,200. இதுவரை 29,000. மாதச் சாமான் 8,000, சிலிண்டருக்கு ஆயிரம் என்று ஒன்பதாயிரம் சேர்த்தால் 38,000.

மின்கட்டணத்தில் கொஞ்சம் நின்று போகலாம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். 2,400 ரூபாய் பில் வருகிற வீட்டில், பில் வராத மாதம் 2,400 மிச்சம் இருப்பதுபோலத் தோன்றும். அது மிச்சமே இல்லை, அடுத்த மாதத்து அரிசி. பாதியை, அதாவது 1,200-ஐ, பில் வராத மாதமும் ஒதுக்கிவிட்டால் இந்த மயக்கம் தீரும்.

தவணை, சேமிப்பு இரண்டுக்கும் தானியங்கிப் பற்று கொடுத்துவிடுவது நல்லது. கொடுக்கும்போது தேதியைப் பாருங்கள். சம்பளம் முதல் தேதி வருமென்றால் தவணைகள் 3-இலிருந்து 7-க்குள் இருக்கட்டும். 20-ஆம் தேதி தவணை வைத்துக்கொண்டால் இருபது நாளும் அந்தப் பணத்தை மூட்டைக்குள் காவல் காக்க வேண்டும், நடுவில் யாராவது கைவைத்துவிடுவார்கள். முன்பெல்லாம் ஞாயிறு, பண்டிகை வந்தால் ஒரு நாள் தள்ளிப் போகும். 2021 ஆகஸ்ட் 1-இலிருந்து தவணைகளை எடுக்கும் நாச் முறை விடுமுறை நாளிலும் இயங்குகிறது. தீபாவளி அன்றே தவணைத் தேதி என்றால் தீபாவளி அன்றே எடுத்துக்கொள்ளும். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிப் போனால் வங்கி ஒரு அபராதம் போடும், கடன் கொடுத்த நிறுவனமும் ஒன்று போடும். இல்லாத பணத்துக்கு இரட்டைத் தண்டனை.

யு.பி.ஐ. ஆட்டோபே வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 2025 ஆகஸ்டிலிருந்து அந்தப் பற்றுகளைக் கூட்ட நேரத்தில் எடுப்பதில்லை. காலை 10 மணிக்கு முன், பகல் 1 மணியிலிருந்து 5 மணிக்குள், இரவு 9.30-க்குப் பிறகு என்று நேரம் பிரித்திருக்கிறார்கள். ஆகவே தவணை நாளன்று பத்தரை மணிக்குப் பணம் போட்டுக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், முந்தின நாளே இருக்கட்டும்.

புளிப் பானை

இதுதான் பெரும்பாலான வீடுகளில் இல்லாத பாத்திரம். என்னைக் கேட்டால், நாம் அடுக்கும் நான்கு பாத்திரங்களில் இதுவே முக்கியமானது.

மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். வருஷத்துக்கு வேண்டியதை அப்போதே வாங்கி, வெயிலில் காயவைத்து, கொட்டை எடுத்து, கல்லுப்பைத் தூவித் தூவி அடுக்கி, பானையில் அமுக்கி வைத்துவிடுவார்கள். மிளகாய்க்கும் அதே ஏற்பாடு. ஐப்பசி மழையில் ரசம் வைக்கும்போது புளிக்கு என்ன செய்வது என்று எந்த வீடும் தவித்ததில்லை. புளி தினமும் தேவைப்படும், ஆனால் வருஷத்தில் ஒருமுறைதான் நல்ல விலைக்குக் கிடைக்கும் என்பது அடுக்களைக்குத் தெரியும். அதே வீட்டில் ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் வரும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும். இருந்தும் ஒவ்வொரு ஜூன் மாதமும் அது புதிதாக வந்து இடிக்கிறது, நகை அடகுக்குப் போகிறது.

ஒரு தாளில் வருஷச் செலவுகளை மட்டும் எழுதுங்கள். நம் மாதிரி வீட்டில்: பள்ளிக் கட்டணமும் புத்தகமும் சீருடையும் 48,000. ஆயுள், மருத்துவக் காப்பீடுகள் 24,000. வண்டி இன்ஷூரன்ஸ் 2,000. அரையாண்டுக்கு ஒருமுறை வரும் வரிகளும் குடியிருப்புச் சங்கப் பராமரிப்பும் 6,000. தீபாவளி, பொங்கல் துணிமணி 20,000. ஊர்த் திருவிழாவுக்கும் கல்யாணங்காட்சிக்கும் போய்வர 8,000. மொத்தம் 1,08,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 9,000.

இந்த ஒன்பதாயிரத்தைப் பார்த்ததும் மலைப்பாக இருக்கும். “இவ்வளவு எடுத்து வைத்தால் எதைச் சாப்பிடுவது?” என்று தோன்றும். ஆனால் இந்தப் பணம் இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. கடனாக, வட்டியோடு, வேறு மாதங்களில். பானையில் வைக்கும்போது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பானையை எங்கே வைப்பது? தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு போதும். இரண்டே நிபந்தனை: அதற்கு டெபிட் கார்டு வாங்கக் கூடாது, யு.பி.ஐ. ஆப்போடு இணைக்கக் கூடாது. சம்பளம் வந்த மறுநாள் ஒன்பதாயிரம் அங்கே போய்விடும்படி சம்பளக் கணக்கில் நிலையான உத்தரவு கொடுத்துவிடலாம். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு இதற்குப் பொருத்தமாக எனக்குப் படுகிறது. பாரத ஸ்டேட் வங்கியின் சேமிப்பு வட்டி 2025 ஜூனிலிருந்து ஆண்டுக்கு 2.5 சதவீதம், அஞ்சலகத்தில் 4 சதவீதம். பணம் எடுக்கப் படிவம் எழுதி வரிசையில் நிற்க வேண்டுமே என்று சலித்துக்கொள்வார்கள். நிற்கட்டும், பானை உயரத்தில் இருந்தால்தான் புளி பங்குனிவரை வரும்.

காப்பீட்டை மாதத் தவணையாகக் கட்டுகிறவர்கள் வருஷத் தவணைக்கு மாறிவிடலாம். மாதாமாதம் கட்டினால் மொத்தத்தில் கொஞ்சம் கூடுதலாகவே போகும் பாலிசிகள்தான் அதிகம். 2025 செப்டம்பர் 22-இலிருந்து தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியங்களுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் பழைய தொகையை நினைவில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள், புது ரசீதைப் பாருங்கள்.

டப்பா

மூட்டையிலிருந்து 38,000, பானைக்கு 9,000. மிச்சம் 13,000. பால், காய்கறி, பெட்ரோல், ஓட்டல், ஆட்டோ, மருந்துக்கடை, பிள்ளைக்கு ஐஸ்கிரீம் எல்லாம் இதற்குள்தான். டப்பாவுக்குப் போவது இது.

இதற்கு இரண்டாவது வங்கிக் கணக்கு ஒன்று வேண்டும். குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத கணக்காக இருப்பது அவசியம், ஏனென்றால் இந்தக் கணக்கு வாராவாரம் காலியாக வேண்டிய கணக்கு. பாரத ஸ்டேட் வங்கி 2020-இலேயே அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது, கனரா வங்கி 2025-இல் எடுத்தது. அதன்பின் வேறு சில அரசு வங்கிகளும் எடுத்துவிட்டன. உங்கள் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். போனில் உள்ள யு.பி.ஐ. ஆப்போடு இந்த ஒரு கணக்கை மட்டும் இணையுங்கள். சம்பளக் கணக்கை ஆப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் மற்றதையெல்லாம் செய்தால் பயன் இல்லை. டப்பா வாங்கி வைத்துவிட்டு மறுபடி மூட்டையிலேயே அள்ளுவோம்.

மாதத்துக்கு 13,000-ஐ ஒரே முறையாகப் போடக் கூடாது. ஒன்றாம் தேதி நிறைந்திருக்கும் டப்பாவில் கை தாராளமாகத்தான் போகும். பாயசத்துக்கு முந்திரி வறுக்கும்போது டப்பா நிறைய இருந்தால் ஒரு பிடி, அடியில் இருந்தால் நாலு பருப்பு, இது மனித சுபாவம். ஆகவே வாரம் 3,000. வெள்ளிக்கிழமை காலை போகும்படி வைத்தால், சனி ஞாயிறு செலவு முதலில் முடிந்துவிடும், மீதி நாட்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று திங்கட்கிழமை தெரிந்துவிடும். திங்கட்கிழமை நிரப்புகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி நேரத்தில் டப்பா காலியாக இருக்கும், அப்போது விதியை மீறத் தோன்றும்.

நாலு வாரத்துக்கு 12,000 போனால் ஆயிரம் நிற்கிறதே என்று கேட்கலாம். மாதம் என்பது நாலு வாரமும் இரண்டு மூன்று நாளும். அந்த இரண்டு மூன்று நாள்தான் ‘மாசக் கடைசி’ என்று நாம் புலம்பும் நாட்கள். வாரத்துக்கு 3,250 என்று வகுத்துவிட்டவர்கள் 29-ஆம் தேதி கைமாற்று கேட்பதற்கு இந்தச் சின்னக் கழித்தல்தான் காரணம். ஆயிரம் அதற்கு.

டப்பா புதன்கிழமையே காலியானால்? அப்போதுதான் கணக்குப் பார்க்க வேண்டும், அதுவும் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும். ஐந்து நாள் வரிகளைத் திருப்பிப் பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய செலவு, அது புளிப் பானையில் சேர்ந்திருக்க வேண்டிய செலவாக இருக்கும். பிள்ளையின் நண்பன் பிறந்தநாள் பரிசு, வண்டி சர்வீஸ். தாளில் அதையும் எழுதி, மாத ஒதுக்கீட்டை நூறோ இருநூறோ கூட்டிக்கொள்ளுங்கள். இப்படித் திருத்தித் திருத்தித்தான் லிஸ்ட் சரியாகும். முதல் மாதமே பொருந்திவிடும் என்று யாராவது சொன்னால் அவர் வீட்டில் சமைப்பவர் அவர் இல்லை.

அஞ்சறைப் பெட்டி

டீ, பூ, ஜெராக்ஸ் போன்ற சில்லறைக்கு யு.பி.ஐ. லைட் என்றொரு வசதி இருக்கிறது. பலரின் ஆப்பில் சும்மா கிடக்கிறது. கணக்கிலிருந்து 5,000 ரூபாய்வரை அதற்குள் மாற்றி வைத்துக்கொள்ளலாம், ஒரு முறைக்கு 1,000 ரூபாய்வரை அதிலிருந்து கொடுக்கலாம், பின் எண் போட வேண்டியதில்லை. இதன் அழகு வேறிடத்தில் இருக்கிறது. லைட்டில் நிரப்பும்போது பாஸ்புக்கில் ஒரே ஒரு வரி விழும், அதிலிருந்து எடுக்கும் டீயும் பஜ்ஜியும் தனித்தனி வரியாக ஏறாது. மேலே சொன்ன செவ்வாய்க்கிழமையின் எட்டு வரிகளும் காணாமல் போய், வாரத்துக்கு “லைட் 500” என்று சில வரிகளே நிற்கும். எண்ண வேண்டியது நிரப்பியதை மட்டும்.

லைட்டில் தானாக நிரப்பிக்கொள்ளும் வசதியும் கொடுத்திருக்கிறார்கள். இருப்பு குறைந்தால் தானே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதைத் தொடாதீர்கள். கடுகு தீர்ந்தால் தானாக நிரம்பும் கிண்ணத்தில் கடுகு எவ்வளவு போகிறது என்று யாருக்கும் ஒருநாளும் தெரியப்போவதில்லை. இன்னொன்று, பின் எண் இல்லை என்பதால் பூட்டுத் திறந்த போன் தொலைந்தால் அதிலுள்ள பணமும் போன மாதிரிதான். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் வைக்கத் தேவையில்லை.

மாற்று சிலிண்டர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இட்லி வெந்துகொண்டிருக்கும்போது காஸ் தீர்ந்தால் யாரும் பதறுவதில்லை. இரண்டாவதை மாட்டிவிட்டு, அன்றே புக் செய்துவிடுகிறோம். அவசர நிதி அந்த இரண்டாவது சிலிண்டர். மாதச் சேமிப்பு ஐயாயிரம் முதலில் அங்கே போகட்டும், வீட்டின் மூன்று மாதச் செலவு சேரும்வரை. ஆஸ்பத்திரிக்கோ வேலை போன மாதத்துக்கோ எடுத்தால், நிலைமை சீரானதும் மறுபடி அங்கேதான் முதலில் போட வேண்டும். அதற்காக அடுக்களையில் ஏழு சிலிண்டர் அடுக்கி வைப்பவர்களும் இருக்கிறார்கள். பத்து லட்சம் சேமிப்புக் கணக்கில் 2.5 சதவீதத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். அதுவும் ஒரே வங்கியில். ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரைதான் வைப்புக் காப்பீடு, அசலும் வட்டியும் சேர்த்து. 2020 பிப்ரவரி 4-க்கு முன்னால் அது ஒரு லட்சமாக இருந்தது.

பக்கத்து வீட்டுச் சர்க்கரை

விருந்தாளி வந்துவிட்டார், சர்க்கரை இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் வாங்குகிறோம். மறுநாள் கடையில் வாங்கி ஒரு டம்ளர் திருப்பிக் கொடுத்தால் உறவு இனிக்கும். கிரெடிட் கார்டு சரியாக இப்படித்தான் இயங்குகிறது, முழு டம்ளரும் குறித்த தேதியில் திரும்பும்வரை. பில்லில் தடித்த எழுத்தில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒன்று இருக்கும், பொதுவாகப் பாக்கியில் 5 சதவீதம். அதைக் கட்டினால் போதும் என்று நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

20,000 ரூபாய் பில். குறைந்தபட்சம் 1,000 கட்டியாயிற்று. மீதி 19,000-க்கு மாதம் 3.5 சதவீதம் வட்டி என்றால் 665 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 785 ஆகிறது. கட்டிய ஆயிரத்தில் கடனைக் குறைத்தது 215 ரூபாய்தான். இது குறைந்தபட்சக் கணக்கு. நிஜத்தில் வட்டி பொருள் வாங்கிய தேதியிலிருந்தே எண்ணப்படும், பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லாக் கெடு கிடையாது. அடுத்த மாதம் வாங்கும் பெட்ரோலுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். வருஷத்துக்கு 42 சதவீதம் என்று எழுதிப் பார்த்தால் கந்துவட்டிக்காரரை நாம் ஏன் திட்டினோம் என்றிருக்கும்.

ஆகவே கார்டு வைத்திருந்தால் முழுத் தொகைக்கும் தானியங்கிப் பற்று கொடுங்கள். முழுத் தொகை எடுக்கக் கணக்கில் பணம் இருக்காது என்று பயமாக இருந்தால், அந்தக் கார்டு உங்களுக்கு வேண்டாம். ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ. ஆப்போடு இணைத்து டீக்கடையில் ஸ்கேன் செய்யும் வசதி 2022-இல் வந்தது. புள்ளிகள் கிடைக்கும் என்பார்கள். பக்கத்து வீட்டுச் சர்க்கரையை நம் அஞ்சறைப் பெட்டிக்குள்ளேயே ஒரு கிண்ணத்தில் கொட்டி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. கட்டுப்பாடுள்ளவர்களுக்கே குழப்பம்.

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ பற்றி ஒரே வார்த்தை. பூஜ்ஜிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. வட்டி இருக்கிறது, அதை விலைத் தள்ளுபடி என்ற பெயரில் ஈடுகட்டுகிறார்கள். அந்த வட்டி மீதான ஜி.எஸ்.டி.யும் செயலாக்கக் கட்டணமும் நம் தலையில். தொகை சின்னது, ஆபத்து அதில் இல்லை. 24,000 ரூபாய் போன் மாதம் இரண்டாயிரமாகிவிட்டால், அப்படி மூன்று சேர்ந்த பிறகுதான் அடுத்த பன்னிரண்டு மூட்டைகளிலும் ஆறாயிரம் ஏற்கெனவே தின்று தீர்ந்திருப்பது தெரியும்.

எறும்பு

மூடி சரியாக மூடாத சர்க்கரை டப்பாவில் எறும்பு ஏறுவதுபோல ஏறுபவை மாதச் சந்தாக்கள். முதல் மாதம் ஒரு ரூபாய் என்று ஆரம்பித்த படச் சேவை, பிள்ளைக்காகப் போட்ட ஆங்கிலப் பயிற்சி ஆப், போட்டோ சேமிக்கும் இடம். 15,000 ரூபாய்வரையிலான தானியங்கிப் பற்றுகளுக்கு, முதலில் ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் பிறகு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள். 24 மணி நேரத்துக்கு முன் தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அனுப்பவும் செய்கிறார்கள். அது விளம்பரக் குறுஞ்செய்திகளின் நடுவே புதைந்துவிடுகிறது. யு.பி.ஐ. ஆப்பில் ‘ஆட்டோபே’ என்ற பகுதிக்குள் போனால் உயிரோடு இருக்கும் அனுமதிகள் எல்லாம் வரிசையாகத் தெரியும், அங்கேயே ரத்து செய்யலாம். கார்டு மூலம் கொடுத்தவற்றை அந்தந்த வங்கியின் ஆப்பிலோ வலைத்தளத்திலோ பார்க்க வேண்டும். தேவையா இல்லையா என்று தடுமாற்றமாக இருந்தால் ரத்து செய்துவிடுங்கள். வேண்டுமென்றால் அவர்களே கூப்பிட்டு மறுபடி சேர்த்துக்கொள்வார்கள், அதில் சந்தேகமே வேண்டாம்.

எறும்பை விட்டு டப்பாவுக்கு ஒரு நிமிடம் திரும்புவோம். வீட்டில் வயதான அம்மாவுக்கோ வெளியூரில் படிக்கும் பிள்ளைக்கோ தனியாகப் பணம் அனுப்பி அனுப்பிச் சலித்தவர்களுக்கு, 2024-இல் வந்த யு.பி.ஐ. சர்க்கிள் உதவும். நம் கணக்கிலிருந்தே அவர்கள் செலவு செய்யலாம். மாதத்துக்கு 15,000 ரூபாய்க்குள் நாம் வைக்கும் உச்சவரம்புவரை. அதை டப்பா கணக்கோடு இணையுங்கள், மூட்டையோடு வேண்டாம்.

பரண்

பழைய வேலைக்காகத் தொடங்கிய சம்பளக் கணக்கு, வீட்டுக் கடனுக்காக வங்கி தொடங்கச் சொன்ன கணக்கு, கல்லூரி உதவித்தொகைக் கணக்கு. நம்மில் பலருக்கு இப்படி நாலைந்து ஜாடிகள் பரணில் இருக்கின்றன, உள்ளே என்ன என்று தெரியாமல். இரண்டு வருஷத்துக்கு மேல் நாம் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் வங்கி அதைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கிவிடும். பத்து வருஷம் ஆனால் அதிலுள்ள பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். போனாலும் உரிமை போகாது, கேட்டு வாங்கலாம். எந்த வங்கியில் நம் பெயரில் அப்படிக் கிடக்கிறது என்று தேட ‘உத்கம்’ என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023-இல் தொடங்கியிருக்கிறது. அப்பா, தாத்தா பெயரையும் போட்டுப் பாருங்கள். வேண்டாத கணக்குகளை மூடி, மூட்டை, பானை, டப்பா, அவசர நிதி என்று நாலில் நிறுத்திக்கொண்டால் வருமான வரித் தாக்கலும் சுலபமாகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய சம்பளக் கணக்கில் நாமினியாக அம்மா பெயரோ அப்பா பெயரோதான் பெரும்பாலும் இருக்கும், சிலவற்றில் யார் பெயரும் இருக்காது. 2025 நவம்பர் 1-இலிருந்து ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினியாகப் போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். அடுத்த சம்பளத் தேதிக்கு முன்னால் ஒருநாள் வங்கிக்குப் போய் அந்தப் படிவத்தை எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வந்துவிடுங்கள்.